அந்தக் கோடிக்குக் கேக்கணும்

சாப்பிட்ட பிறகு ஏப்பம் விடுகிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஏரியையும் கோயில் நிலத்தையும் ஏப்பம் விட்டவர்களும் நமக்குப் புதிதல்ல. அவர்களுக்கு மாலை போட்டு மேடையில் வேறு உட்கார வைக்கிறோம். ஆனால் ஏப்பத்தை ஒரு படிப்பாக எடுத்துக்கொண்டு, அதற்காக பஸ் ஏறி வேலூருக்குப் போய்ப் பாடம் கேட்டு, வீட்டுக்கு வந்து விடியற்காலையில் சாதகம் செய்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆரணிக்காரர். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் ஒற்றைக்கல் சுவர்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கடைக்காரருக்குத் தெரியும். எங்களுக்கு அவர் ஏப்பக்காரர். நேரில் கூப்பிடும்போது மட்டும் 'அண்ணா' என்போம்.

ஏப்பக்காரர் ஆவதற்கு முன் அவர்தான் எங்கள் தெருவின் குரல். பட்டுச்சேலையின் நீளவாட்டு நூலான பாவைத் தறியில் ஏற்றும் முன், தெரு நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்துச் சீர் செய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஒரு முனையில் ஒருவர் இரண்டு கையாலும் பாவைப் பிடித்து நிற்பார். அவர் 'இழு' என்றால் தெருவின் மறுகோடியில் நிற்பவர் இழுக்க வேண்டும். 'தளத்து' என்றால் விட வேண்டும். இரண்டு கோடியும் ஒன்றாக அசையாவிட்டால் இழைகள் பட்பட்டென்று அறும். அத்தனையையும் எடுத்து முடிச்சுப் போடுவதற்குள் அந்த வீட்டில் உள்ள எல்லாருக்கும் கண் பூத்துப் போகும். ஏப்பக்காரர் 'இழு' என்று ஒரு குரல் கொடுத்தால் மறுகோடியில் சம்பத்து இழுப்பான், நடுத்தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓரமாகப் போகும், என் வீட்டுக்காரர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார்.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது.

காரணம் கண்டுபிடிப்பதில் எங்கள் தெருவை யாரும் மிஞ்ச முடியாது. ஐஸ் தண்ணீர் என்றார்கள். குரலுக்குக் கண் பட்டுவிட்டது என்றார்கள். செல்போன் டவர் என்றும் ஒருவர் சொன்னார். அவர் குடித்துத் தள்ளிய பீடியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் காரணம் சொன்னவர்கள் எல்லாரும் பீடி குடித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

வேலூரில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஓர் ஓட்டை. இனிமேல் மூச்சு அதன் வழியாகத்தான். மூக்கும் வாயும் முகத்துக்கு அழகாக இருந்துகொள்ளலாம். அவர் மனைவி குமுதாக்கா பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னத் துணியாகத் தைத்து அந்த ஓட்டையின் முன்னால் தொங்கவிட்டார். இருமினால் துணி பறக்கும். குளிக்கும்போது ஒரு குவளைத் தண்ணீர் தவறி உள்ளே போனால் போதும், ஆளே போய்விடலாம். ஒருநாள் ஒரு கொசு உள்ளே போய்விட்டது. அது வெளியே வரும்வரை அந்த வீட்டில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்தார்கள். வாய் பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டி அவர் முகத்துக்கு நேரே கத்தினார்கள். "அண்ணா! சாப்ட்டீங்களா! சா...ப்...பா...டு!" என்று கையால் பிசைந்து காட்டுவார்கள். அவர் காதைப் பொத்திக்கொண்டு போனில் தட்டிக் காட்டுவார்: 'மெதுவா பேசு. செவுடு இல்ல.' படித்துவிட்டு, அதே உச்சக் குரலில், "அப்டியாண்ணா! சரிண்ணா!" என்பார்கள்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் அவர் கேட்டது ஒன்றுதான். பாவின் முனையில் தன் இடம் வேண்டும். பாவு வேலைக்கு மேஸ்திரி சம்பத்து. வயதில் சின்னவன், ஆனால் தொழிலில் தாட்சண்யம் பார்க்க மாட்டான்.

"ண்ணா, வூட்ல குந்திகினு ராட்டைல நூல் தார் சுத்துண்ணா. நூல் நான் அனுப்பறேன். பாவுத் தலைப்புல நிக்கிறவன் சத்தம் அந்தக் கோடிக்குக் கேக்கணும். அவ்ளோதான். வேற இன்னா இருக்குது இதுல?"

ஏப்பக்காரர் போனில் தட்டினார்: 'தார் சுத்த மாட்டேன். பாவுக்குத்தான் வருவேன்.'

"வாண்ணா. ஆனா கேக்கணும்."

தெருக்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. கூடிப் பேசி, அவருக்கு ஒரு விசில் வாங்கினார்கள். சும்மா கொடுத்தால் போதாதா? துண்டு போர்த்திக் கொடுத்தார்கள். அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார். காற்று வாயில் இருந்தால் அல்லவா சத்தம் வரும்? மூச்செல்லாம் கழுத்துத் துணி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் கீழே பார்த்தோம். அவர் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு துணியை விலக்கி, விசிலைக் கழுத்து ஓட்டையில் வைத்து ஊதினார்.

பீ...ப் என்று தெரு அதிர்ந்தது. துண்டு போர்த்தியவருக்கு மயக்கம் வந்துவிட்டது, அவரை மளிகைக் கடைப் படியில் உட்கார வைத்தோம். குமுதாக்கா முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். ஏப்பக்காரர் எங்கள் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு விசிலைச் சாக்கடையில் போட்டார்.

கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற மிஷின் ஒன்று உண்டு. குமுதாக்காவின் தம்பி அதையும் சென்னையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். நன்றாகத்தான் பேசியது. ஆனால் அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். பாவைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஆஸ்பத்திரியில் சொன்ன இன்னொரு வழிக்கும் பேசும்போதெல்லாம் விரலால் ஓட்டையை அடைக்க வேண்டும். மூன்றாவது கை முளைக்காது என்று தெரிந்ததும் அவர் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கை வேண்டாத ஒரே வழி ஏப்பம்தான்.

வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் அதைச் சொல்லிக் கொடுத்தாள். காற்றை விழுங்க வேண்டும். அது வயிற்றுக்குப் போவதற்குள் மேலே திருப்பி ஏப்பமாக விட வேண்டும். அந்த ஏப்பத்திலேயே வார்த்தையை ஏற்றிவிட வேண்டும். 'பா, தா, கா' என்று ஆரம்பிக்கும் வார்த்தைகள் முதலில் வருமாம்.

"நல்லா பழகினீங்கன்னா, பக்கத்துல உக்காந்து பேசற அளவுக்கு வந்துடும் சார்," என்றாள் அவள்.

அவர் போனைக் காட்டினார்: 'தெருக்கோடி வரைக்கும்?'

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கூடப் போன குமுதாக்கா சொன்னது இது.

கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பஸ்ஸில் அவருக்கு எப்போதும் ஜன்னல் சீட்டுதான். எவ்வளவு கூட்டமானாலும் சரி. ஏறியதும் ஏப்பப் பயிற்சியை ஆரம்பிப்பார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துவிடுவார். கண்டக்டர், "யோவ் பெரியவரே, வாந்தின்னா ஜல்தியா ஜன்னலாண்ட போய்க் குந்துய்யா!" என்று தானே இடம் பிடித்துக் கொடுப்பார். முன்சீட்டு அம்மாக்கள் எலுமிச்சம்பழம் நீட்டுவார்கள். ஒரு டிரிப்புக்குப் போய் வந்தால் குமுதாக்கா ஊறுகாய் போடும் அளவுக்குப் பழம் சேர்ந்துவிடும்.

வீட்டில் பயிற்சிக்குக் கோலி சோடா. காற்று விழுங்குவது சுளுவாகும் என்று அவராகக் கண்டுபிடித்தது. காலையில் பால் பாக்கெட் வருவதற்கு முன் அந்த வீட்டுக்குச் சோடா வந்துவிடும். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் 'ஏவ்... ஏவ்... ப்ப்பா...' என்று தொடங்கும். நான் டீச்சர். பகல் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிறவள். காலையில் அந்தக் கொஞ்ச நேரத் தூக்கம்தான் எனக்குச் சொத்து. அதுவும் போயிற்று.

தெருவும் சும்மா இல்லை. ஓமத்தண்ணீர் வந்தது, சீரகக் கஷாயம் வந்தது. சோடா வேண்டாம், வாயு என்று எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று பிரசங்கம் செய்தார். ஒரு கருமாதிச் சாப்பாட்டில் இவர் இலை முன் உட்கார்ந்து 'தா' பழகியதைக் கேட்ட சமையல்காரர், நம் கைமணத்துக்குத்தான் இத்தனை பெரிய பாராட்டு என்று பூரித்துப்போய்ப் பாயசத்தை மறுபடி மறுபடி ஊற்றினார். இவரால் இரண்டு வாய்க்குமேல் விழுங்க முடியாது. செத்தவரின் மகன் மட்டும் இவரை முறைத்துக்கொண்டே இருந்தான்.

கண்ணமங்கலத்திலிருந்து அவருடைய அண்ணன்காரர் ஒருநாள் வந்து, கூடத்தில் உட்கார்ந்து நீளமாக எடுத்துச் சொன்னார். "உசுரு மிஞ்சிச்சே, அத்த நெனச்சி கம்முனு கெட. போற எடத்துல எல்லாம் ஏவ் ஏவ்னு மானத்த வாங்கற. ஜனங்க சிரிக்குது. பேஜாரா கீதுடா எனக்கு. பேசி இன்னா கிழிக்கப் போற?" அவர் பேசி முடிக்கும்வரை ஏப்பக்காரர் காற்றை விழுங்கிக்கொண்டே இருந்தாராம். குமுதாக்கா அன்று மாலை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கடைசியில் எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணன்காரர் முகத்தில் ஒரு ஏப்பம்தான் வந்தது, சொல் வரவில்லை. அண்ணன்காரர் காப்பி குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவாசியிலிருந்து வந்தார்கள். பஜ்ஜி வைத்தாயிற்று. தங்கை காப்பித் தட்டோடு வந்து நிற்கிறாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கிற அந்த நொடியில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது பாருங்கள், பஜ்ஜித் தட்டு நகர்ந்ததோ என்று எனக்குச் சந்தேகம். மாப்பிள்ளையின் அம்மா, "உங்க வூட்ல ஆரோ இப்பவே சாப்ட்டு முடிச்சிட்டாங்க போல," என்றார். நான் விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். அடுத்தது வந்தது. அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள்.

நான் நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போனேன். பள்ளிக்கூடத்தில் பழகிய தொண்டை எனக்கு. "நீங்க மனுஷந்தானா? ஒரு நல்லது கெட்டது நடக்க வேணாமா இந்தத் தெருவுல? எவன் கேட்டான் உங்க பேச்ச?" என்று ஆரம்பித்து என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். இன்றைக்கும் சொல்வேன், அன்று நான் கத்தியது முழுக்க நியாயம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே காற்றை விழுங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு கரகரவென்று, ஆழத்திலிருந்து, "காப்... பி?" என்றார்.

உள்ளே குமுதாக்காவின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. "டீச்சர்! பேசிட்டாரு டீச்சர்! இப்ப இன்னா சொன்னாரு? காப்பின்னாரா? உங்க காதுலயும் வுழுந்துச்சா?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஆபரேஷனுக்குப் பிறகு மிஷின் இல்லாமல் அந்த மனிதர் சொன்ன முதல் முழு வார்த்தை அது. என் தங்கையின் சம்பந்தத்தைக் கலைத்தவர் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

அதன்பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. 'தண்ணி' வந்தது. அண்ணன்காரருக்குப் போன் போட்டு 'போடா' என்றார். குழாயடிப் பெண்களோடு ஒருநாள் அரை வாக்கியத்துக்குச் சண்டையே போட்டார். 'இழு' மட்டும் மக்கர் செய்தது, வெறும் காற்றாகக் கரைந்தது. அதனால் 'இழு'வுக்குப் பதில் 'பிடி' என்று வைத்துக்கொள்ளலாமா என்று சம்பத்திடம் கேட்டார். "எந்த வார்த்தையா இருந்தாலும் எனக்கு இன்னாண்ணா? அந்தக் கோடிக்குக் கேட்டா சரி," என்றான் அவன்.

பரீட்சை நாள் வந்தது. தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். ஏப்பக்காரர் முனையில் நின்று பாவை இரண்டு கையாலும் பிடித்தார். மறுகோடியில் சம்பத்து. நடுவில் பாவு ஓரமாக நின்ற ஆட்கள் எல்லாரும் நல்லவர்கள், நல்லவர்களால்தான் வினை. இவர் காற்றை விழுங்க ஆரம்பித்ததுமே, "கேக்குதுண்ணா! நல்லா கேக்குது!" என்று கோரஸாகக் கத்தினார்கள்.

ஏப்பக்காரருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முகம் கறுத்துவிட்டது. "பொய்... டா," என்றார். இன்னொரு காற்று. "பேச... வே... இல்ல." எல்லாரும் கப்சிப். அந்த அமைதியில் அவர் 'பிடி' என்றார். எனக்குக் கேட்டது. குழாயடியில் குடம் வைத்திருந்தவர்களுக்குக் கேட்டது. அதைத் தாண்டவில்லை. சம்பத்து கையை அசைத்து, "கேக்கல!" என்றான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் ஏப்பக்காரர் தலையை ஆட்டி, பாவை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி சோடாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் நோய் திரும்பிவிட்டது. இந்தமுறை நுரையீரல். வேலூரில் டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் குமுதாக்கா நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். எத்தனை நாள் என்று இவர் கேட்கவில்லை. அந்தப் பயிற்சிப் பெண்ணைத் தேடிப் போய்க் கேட்டார், "ஏப்பத்... துக்கு... நுரையீரல்... வேணுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாம் சார். அது சாப்பாட்டுக் குழாய்ல வர்றது," என்றாள்.

ஊருக்கு வரும்வழியெல்லாம் அவர் சந்தோஷமாக இருந்தாராம். குமுதாக்கா என் சமையலறையில் நின்று அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். "சாவப் போறேன்னு சொல்லிட்டாங்க, இந்தாளு ஏப்பத்துக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சிரிச்சிகினு வர்றாரு. நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர், கொஞ்சம் படுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லி." சொன்னேன். அவர் என்னையும் "போங்க" என்றார்.

அவர் வேகமாக மெலிந்தார். நாலு எட்டு நடந்தால் கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். துணியில் ரத்தம் தெரிந்தது. பயிற்சி நிற்கவில்லை. முன்பு அந்தச் சத்தத்துக்கு எழுந்து திட்டிய நான், இப்போது அது தொடங்கும்வரை படுக்கையில் விழித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு காலையில் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். பாவின் முனையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். யாரும் எதுவும் சொல்லாமல் பாவைக் கொடுத்தார்கள். நல்லவர்கள் இந்தமுறை வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டில் மிக்ஸியை நிறுத்தினார்கள். காற்றை விழுங்கினார், வரவில்லை. மறுபடி விழுங்கினார். "பிடி," என்றார்.

மறுகோடியில் சம்பத்து இழுத்தான். கச்சிதமாக, ஒரு இழை அறாமல். "தளத்து," என்றார். விட்டான். அந்தப் பாவு முழுக்க அப்படியே நடந்தது. முடிந்ததும் சம்பத்து தெரு நீளம் நடந்து வந்து அவர் எதிரில் குந்தினான்.

"கேட்... டுதா?" என்றார் அவர்.

சம்பத்து தரையைப் பார்த்தான். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டால் போதும், தெருவே அவனுக்குக் கோயில் கட்டியிருக்கும்.

"கேக்கலண்ணா. எப்ப இன்னா சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா? இத்தினி வருசம் உன் எதிர்ல நின்னவன் நான்."

ஏப்பக்காரர் அவனையே பார்த்தார். மூச்சு இரைத்தது. "கேக்... கணும்," என்றார். பிறகு அவன் தோளைப் பிடித்து எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போக முயன்றார், முடியவில்லை, சம்பத்து தூக்கினான். மறுநாள் காலையிலும் சுவருக்கு அந்தப் பக்கம் 'பிடி' கேட்டது. அதற்கடுத்த சில நாட்கள் பாதிதான் கேட்டது. பிறகு ஒருநாள் குமுதாக்காவின் அழுகை கேட்டது.

அந்தக் கோடிக்குக் கேட்காமலேயே போய்விட்டார். "பாவம், வீணா கஷ்டப்பட்டான்," என்று அண்ணன்காரர் பாடையருகே நின்று சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எது வீண்? போன் போட்டு அவரையே 'போடா' என்கிற அளவுக்கு அந்த மனிதர் பேசினாரே, அது வீணா? சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

காரியம் முடியும்வரை தெருவில் பாவு நீட்டவில்லை. முடிந்ததும் புது ஆள் ஒருவன் வந்து முனையில் நின்றான். கணீரென்ற தொண்டை. அவன் 'இழு' என்றது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். வெயில் ஏறுவதற்கு வெகு நேரம் முன்பே வேலை முடிந்துவிட்டது. சம்பத்து என் வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். சொம்பைக் கொடுத்தேன்.

"சுளுவா முடிஞ்சிட்டுதே சம்பத்து," என்றேன்.

"ஆமா டீச்சர்." பாதி குடித்துவிட்டு நிறுத்தினான். "அந்தாளு சோடா குடிக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து, தெனம் அந்தக் கோடில நின்னுகினு, இன்னிக்காவது கேக்குதா, இன்னிக்காவது கேக்குதான்னு காத தீட்டி வச்சிகினே இருந்தேன். வேற ஆளு குரல் குடுக்கும்போது கூட அத்தயேதான் தேடுவேன். இப்ப காதுக்கு வேலையே இல்ல டீச்சர்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. மீதித் தண்ணீரோடு சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.